ஈ ஓட்டும் கலை

மீன் பிடிப்பதில் இரண்டு வகை உண்டு. மீன் கிடைப்பது ஒன்று. நான் பிடிப்பது இன்னொன்று.

என் வகைக்கு ஃப்ளை ஃபிஷிங் என்று பெயர். மண்புழு ஆகாது, மாவு உருண்டை ஆகாது. குட்டியூண்டு தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றி, பூச்சி மாதிரி ஒன்றைச் செய்து, மலை ஓடையில் மிதக்கவிட வேண்டும். ட்ரவுட் என்னும் மீன் அதை நிஜப் பூச்சி என்று நம்பி ஏமாற வேண்டும். அன்றைக்கு ஏமாறுவது யார் என்பதில்தான் எனக்கும் மீனுக்கும் போட்டி.

இது நேற்று முளைத்த பைத்தியம் இல்லை என்று வீட்டில் வாதாடிப் பார்த்தேன். மக்கெடோனியாவில் சிவப்புக் கம்பளி நூலும் சேவல் இறகும் கட்டிய முள்ளால் மீன் பிடிப்பதை, ஏலியன் என்ற ரோமானியர் ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். "அவரு சம்சாரம் ஒண்ணும் சொல்லலைங்களா?" என்றாள் என் மனைவி. நான் ராடை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

மாடியில் பயிற்சி. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே பூச்சிக்குக் கனமே கிடையாது. அதனால் கனத்தை நூலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ராடு நூலை வீசும், நூலின் நுனியில் தங்கூஸ் நரம்பு, அதன் நுனியில் பூச்சி. அது சும்மா கூடப் போகும். கையைக் கடிகாரத்தில் பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவில்தான் ஆட்ட வேண்டும். பின்னால் வீசியதும் நூல் முழுக்க விரியும்வரை ஒரு நொடி பொறுக்க வேண்டும். வித்தை முழுவதும் அந்த ஒரு நொடியில்தான் இருக்கிறது. என் சிக்கலும் அங்கேதான் இருந்தது. பின்னால் துணிக்கொடியும் இருந்தது. இந்தக் கலையில் நான் பிடித்த முதல் பெரிய உருப்படி, அடுத்த வீட்டுக்காரரின் எட்டு முழ வேட்டி. நல்ல கனம். விடுவிப்பதற்குள் ஒருபக்கக் கரை கிழிந்தது. அன்றிலிருந்து முள்ளுக்குப் பதில் நூல்குஞ்சம் கட்டித்தான் பழக வேண்டும் என்று வீட்டு உத்தரவு.

பூச்சியை நானே கட்டுவது என்று முடிவெடுத்ததும் செலவு குறையும் என்று நினைத்தேன். மிதக்கும் பூச்சிக்குச் சேவலின் கழுத்து இறகு வேண்டும். விறைப்பாக இருந்தால்தான் தண்ணீர்மேல் நிற்கும். பிராய்லர் கோழியில் அது கிடையாது. ஆறேழு வாரத்தில் அதன் ஆயுசு முடிந்துவிடுகிறது, இறகு முற்றுவதற்கு அவகாசம் ஏது? நாட்டுச் சேவல்தான் வேண்டும், அதுவும் வயசான சேவல். கறிக்கடையில் போய், கழுத்து இறகு மட்டும் கிடைக்குமா என்று கேட்டேன். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "கறி வேண்டாமுங்களா?" என்றார். வேண்டாம் என்றேன். வாடிக்கையாளர்கள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்கள்.

நான் கட்டுவது மேஃப்ளை என்ற பூச்சியின் நகல். தண்ணீருக்கடியில் மாதக்கணக்கில் புழுவாகக் கிடந்து, சிறகு முளைத்து மேலே வந்ததும் ஓரிரு நாளில் கதை முடிந்துவிடும். அதற்குள் சாப்பிடவும் முடியாது, வேலை செய்கிற வாய் கிடையாது. வாயில்லா ஜீவன் என்றால் அதுதான். அடுத்தபடியாக நான்.

பூச்சி தயாரானதும், மீன் பிடிக்க இமாசலப் பிரதேசம் போகலாம் என்று மனைவியிடம் சொன்னேன். "ட்ரவுட்டுக்கு எதுக்குங்க இமாசலம்? ஊட்டில இல்லாததா?" என்றாள். நியாயமான கேள்வி. நீலகிரியில் ட்ரவுட்டைக் குடியேற்ற ஃபிரான்சிஸ் டே 1863-லேயே முயன்று தோற்றார். 1907-ல் வில்சன் என்ற அதிகாரி அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகுதான் வானவில் ட்ரவுட் நிலைத்தது. தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் சூடானாலே சங்கடப்படுகிற மீன் அது. கோயம்புத்தூரில் வசிக்கிற எனக்கு அதன் மேல் ஒரு பொறாமையும் உண்டு. ஆனால் நீலகிரியில் நல்ல ஓடைகள் பெரும்பாலும் காப்புக்காட்டுக்குள் ஓடுகின்றன. தூண்டிலோடு போனால், நான் மீனைப் பிடிப்பதற்குள் வனக்காவலர் என்னைப் பிடித்துவிடுவார்.

ஆகவே குலு மாவட்டத்துத் தீர்த்தன் பள்ளத்தாக்கு. ஸ்காட்லாந்திலிருந்து 1900-ல் காஷ்மீருக்கு வந்த பழுப்பு ட்ரவுட், 1909-ல் அங்கிருந்து குலுவுக்கு வந்தது. பிறகு ஓடைகளில் தானே முட்டையிட்டுப் பெருகிக் காட்டு மீனாகிவிட்டது. தீர்த்தன் ஆற்றில் நீர்மின் திட்டங்கள் வராமல் தடுக்கப் போராடியவர்களில் முக்கியமானவர் முன்னாள் எம்.எல்.ஏ. திலாராம் ஷபாப். நான் தோற்பதற்கு இவ்வளவு அழகான இடம் மிச்சமிருப்பது அவர் போன்றவர்கள் புண்ணியம்.

மீன்வளத்துறையில் உரிமம் வாங்கிக்கொண்டு, ஆற்றில் வந்து சேரும் ஒரு சின்ன ஓடைக்குப் போனோம். ட்ரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்தே முகம் வைத்து நிற்கும்; எதிரில் மிதந்து வருவதுதான் அதற்குச் சாப்பாடு. எனவே நாம் பின்பக்கமாக, கீழிருந்து மேலே போக வேண்டும். நிமிர்ந்தால் பார்த்துவிடும், குனிந்து, தவழ்ந்து போக வேண்டும். நான் தவழ்ந்தேன். மீனுக்கு என் உருவம் தெரியவில்லை. முழங்கால் நெட்டி முறியும் ஓசை கேட்டிருக்கும். மீன் போய்விட்டது. அடுத்த மடுவில் கிளை குறுக்கே நின்றது. பூச்சி மரத்தில் மாட்டிக்கொண்டது. வழிகாட்டியாக வந்த பையன் ஏறி எடுத்துக் கொடுத்து, "பரவாயில்லை அங்கிள்ஜி" என்றான். மரங்களையே பிடித்துக்கொண்டிருந்த என்னிடம் அந்த நாள் முழுக்க அவன் அதைத்தான் சொன்னான்.

பூச்சி நீரோட்டத்தின் வேகத்திலேயே மிதக்க வேண்டும். நூல் ஒரு இழுப்பு இழுத்தாலும் மீன் சீந்தாது. ஔவையாரின் கொக்குக்கு இருந்த பொறுமை எனக்கும் உண்டு. ஆனால் அந்த ஓடையில் காத்திருந்தாலும் பெரிய மீன் வராது. இரை குறைவு, குளிர் அதிகம், மீன் வளர்வதில்லை.

கடைசியில் ஒன்று ஏமாந்தது. என் கை நீளம்கூட இல்லை, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. பழுப்பு உடம்பில் வெளிர் வளையத்துக்குள் சிவப்புப் பொட்டுகள். கையை நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றி, தண்ணீரிலேயே விட்டேன். விதிப்படி சின்ன மீனை விட்டுவிட வேண்டும். அழகும் அப்படித்தான் சொன்னது.

பாறையில் முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்த மனைவி பார்த்துவிட்டாள். "ரயில் செலவு, ரூம் செலவு, அந்தக் கம்புச் செலவு... எல்லாம் போட்டா கிலோ என்ன வெலைங்க வருது?" கிலோவே இல்லாதபோது கணக்கு எப்படி வரும்? இரவு விடுதியில் பண்ணை ட்ரவுட் வறுத்துக் கொடுத்தார்கள். எங்கள் உக்கடம் மார்க்கெட் சங்கரா மீனுக்குப் பக்கத்தில்கூட நிற்காது என்பது அவள் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

இதைப் படிக்கும் வாசகர்களில் யார் வீட்டிலாவது முற்றிய நாட்டுச் சேவல் இருந்து, அதற்கு நேரம் வந்துவிட்டால், கழுத்து இறகை மட்டும் எடுத்து வையுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.