ட்ரக்டர் திருப்பள்ளியெழுச்சி

ரொறன்ரோவுக்கு வடக்கே இரண்டு ஏக்கர் காணியோடு வீடு வாங்கினால் உறவுக்காரர் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். "பக்கத்தில தமிழ்க்கடை இருக்கோ?" "ஸ்னோ ஆர் அள்ளுறது?" முதலாவதற்குப் பெருமூச்சுத்தான் பதில். இரண்டாவதற்கான பதில் கராஜுக்குள் நிற்கிறது. மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின், முன்னுக்கு ஒரு வாளி, பின்னுக்குப் பனி வீசும் மெசின். வாசலிலிருந்து தெருவரைக்கும் உள்ள பாதையைத் தேநீர் ஆறுவதற்குள் துப்புரவாக்கிவிடும். அதற்கு முதல் அதை எழுப்ப வேண்டும் என்பதுதான் சங்கதி.

மார்கழியில் எங்கள் வீட்டில் இரண்டு திருப்பள்ளியெழுச்சி நடக்கும். மாமி சுவாமியறையில் ஒன்று, நான் கராஜில் ஒன்று. மாமியின் சுவாமி ஒரு விளக்குக்கும் ஒரு பாட்டுக்கும் எழும்பிவிடுவார். என்னுடையவருக்கு மைனஸ் 20 பாகையில் இரவிலிருந்தே உபசாரம் வேண்டும்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. டீசல் எஞ்சினில் தீப்பொறி போடும் பிளக் கிடையாது. காற்றை நெருக்கி, அந்த நெருக்கலில் பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். இரும்பெல்லாம் விறைத்துக் கிடந்தால், பிறக்கிற சூட்டை அந்த இரும்பே விழுங்கிவிடும். எஞ்சின் ஒயில் தடித்துப்போய் அசைய மறுக்கும். பற்றறி கோடையில் காட்டிய வீரத்தில் பாதியோடு நின்றுவிடும். டீசலில் இருக்கிற மெழுகு குளிரில் திரண்டு ஃபில்ரரை அடைக்கும். அதற்காகவே இங்கே குளிர்காலத்துக்கென்று தனி டீசல் விற்கிறார்கள். கோடையில் மிஞ்சிய கானை "ஏன் வீணாக்குவான்" என்று ஜனவரியில் ஊற்றுகிற சிக்கனம், மெக்கானிக்கின் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பும்.

கிளிநொச்சியில் இருக்கும் அண்ணனுக்கு இதெல்லாம் பெரிய பகிடி. "ட்ரக்டருக்கும் குளிருமோடா?" அவரிடம் இருப்பது பழைய மெசி பெர்குசன். பற்றறி இறங்கினால் நாலு பெடியளைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் எடுப்பார். உண்மையில் மெசியின் பூர்வீகம் இந்த ஒன்ராறியோதான். டானியல் மெசி 1847இல் நியூகாசிலில் தொடங்கிய பட்டறையில் வளர்ந்த குடும்பம் அது. அவருடைய மகன் ஹார்ட் மெசியின் காசில் 1894இல் எழுந்ததுதான் ரொறன்ரோவின் மெசி ஹால். ஒன்ராறியோப் பரம்பரை கிளிநொச்சி வெயிலில் வியர்க்கிறது, கிளிநொச்சிப் பரம்பரை ஒன்ராறியோப் பனியில் நடுங்குகிறது. இரண்டு அரசாங்கமும் பேசி ஆளை மாற்றிக்கொண்டால் எல்லாருக்கும் சுகம்.

அதுவரைக்கும் எனக்குத் துணை புளொக் ஹீற்றர். வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸில் இருந்த ஆண்ட்ரூ ஃபிரீமன் என்பவர் இப்படியான ஹீற்றர் ஒன்றுக்கு 1949இல் காப்புரிமை எடுத்தார். எஞ்சினைச் சுற்றி ஓடுகிற கூலன்றைக் கரண்டில் சுடவைப்பதுதான் வித்தை. சத்தமில்லை, புகையில்லை. நேரம் வைக்கிற ஒரு பிளக்கில் மாட்டி, புறப்பட மூன்று மணித்தியாலத்துக்கு முன் அதுவாகவே தொடங்கும்படி விட்டுவிடுவேன். வயர் மட்டும் வெளிப்பாவனைக்கான தடித்த மூன்று ஊசி வயராக இருக்க வேண்டும். நத்தார் விளக்குக்கு வாங்கிய மெல்லிய வயர் இதில் உருகும். போர்வை போர்த்தி, கீழே வெப்ப விளக்கு வைக்கிற யோசனைகளும் வந்தன. அவற்றைச் செய்தால் எஞ்சினோடு வீடும் சூடாகும், தீயணைப்புப் படையும் வரும்.

மாமிக்கு இந்த ஏற்பாட்டில் உடன்பாடில்லை. "தம்பி, என்ர அறை ஹீற்றரை நிப்பாட்டிப்போட்டு ட்ரக்டருக்குக் கரண்ட் குடுக்கிறியள்." அவருடைய அறை 24 பாகையில் இருக்கிறது. அதற்கு மேல் போனால் கருவாடு காயப்போடலாம்.

காலையில் வயரைக் கழற்றி, கராஜ் கதவை முழுதாகத் தூக்கிவிட்டு, ஆசனத்தில் ஏறிச் சாவியை ஒரு படி திருப்பினால் மஞ்சள் விளக்கொன்று எரியும். சிலிண்டருக்குள் குளோ பிளக் சிவந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது அணையும்வரை காத்திருந்து மற்றப் படி திருப்பினால் ஐயா ஒரு செருமலோடு எழும்புவார். எழும்பினதும் வெளியே எடுத்துவிட வேண்டும். மிச்சச் சூடேற்றம் முழுதும் வெளியில்தான். சரியாக அந்த நேரம் பார்த்துக் குசினிக் கதவு திறக்கும்.

"தம்பி, கதவைப் பூட்டுங்கோ! குளிர் வருது!"

குளிர்நாட்டில் எங்கள் ஆட்களுக்கு ஆபத்து குளிரால் வருவதில்லை, இந்தப் பூட்டுங்கோவால்தான் வருகிறது. வெயிலில் பிறந்தவர்களுக்குக் குளிர் ஒரு கள்ளன். கதவை அடைத்தால் போய்விடுவான் என்ற நம்பிக்கை. உள்ளுக்குள் ஓடுகிற எஞ்சின் அதைவிடப் பெரிய கள்ளன் என்பது கண்ணுக்குத் தெரியாது.

மச்சான் ஸ்காபரோக்காரன், எல்லாம் தெரிந்தவன். "கதவை அரைவாசி திறந்துவிட்டாக் காணும்" என்றான். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். கதவு திறந்தபடியே ஒரு காரை இரண்டே நிமிடம் ஓடவிட்டபோது கராஜுக்குள் கார்பன் மொனொக்சைட் பத்து லட்சத்தில் 500 பங்காக ஏறியது. காரை வெளியே எடுத்துப் பத்து மணித்தியாலம் கழித்தும் மிச்சம் அங்கேயே நின்றது. "அது பெற்றோல் கார், இது டீசல்தானே" என்று அடுத்த வாதம். டீசலில் அது குறைவுதான். குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. அதோடு 2012இலேயே டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். மூன்றாம் வாதமாக ஈதர் ஸ்பிரே ஒன்றைக் கொண்டுவந்தான். சிவந்திருக்கிற குளோ பிளக்கின் முன் ஈதரை அடித்தால் எஞ்சின் ஸ்டார்ட் ஆவதற்குப் பதிலாக வெடிக்கலாம். தகரத்தை வாங்கி வைத்துவிட்டு அவனுக்குத் தேநீர் கொடுத்தேன்.

கார்பன் மொனொக்சைட்டின் குணம் சொன்னால் நம்பமாட்டீர்கள். நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தில் இருநூறு மடங்கு இறுக்கமாகப் போய்க் குந்திக்கொள்ளும், எழும்பு என்றால் எழும்பாது. அறிகுறிகள் தலையிடி, குமட்டல், அசதி. எங்கள் வீட்டில் இந்த மூன்றையும் சொல்லாமல் ஒருவரும் காலை கோப்பி குடிப்பதில்லை. ஆகவே ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: ஒருவருக்குத் தலையிடித்தால் பனடோல், எல்லாருக்கும் ஒரே நேரம் இடித்து, வெளியே போனதும் விட்டால் 911.

2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக்கில் ஒரே குடும்பத்தில் நாலு பேரை இந்த வாயு கொண்டுபோனது. அதன் பின்னர் வந்த சட்டத்தால் 2014 தொடக்கம் கராஜ் ஒட்டியிருக்கிற வீடுகளில் படுக்கையறைப் பக்கம் இதற்கான அலாரம் கட்டாயம். எங்கள் வீட்டில் புகை அலாரமும் அதுவும் ஒரே பெட்டி. மாமி கருவாடு பொரித்தால் அது ஊரைக் கூட்டும். "பற்றறியைக் கழட்டுங்கோ தம்பி" என்பார். நான் கழற்றமாட்டேன். கருவாட்டை மூன்று வீடு தள்ளியும் பிடிக்கிற மூக்கு, இந்த வாயு முகத்துக்கு முன் வந்து நின்றாலும் பிடிக்காது என்று விளக்கினேன். மாமி யோசித்துவிட்டுச் சொன்னார்: "மணமில்லாததுக்குக் காவல், மணக்கிறதுக்குத் தடை. நல்ல நாடு."

வெளியே எடுத்த ட்ரக்டரை ஐந்து, பத்து நிமிடம் நடுத்தர வேகத்தில் ஓடவிடுவேன். உறுமவிடக் கூடாது, ஹைட்ரோலிக் ஒயில் குளிரில் முனகும், வாளியை ஆறுதலாக ஏற்றி இறக்கினால் அதுவும் இளகும். மணிக்கணக்காய் நிறுத்தி ஓடவிடுவதும் கூடாது, புகை வடிகட்டி உள்ள புது மொடல்களில் கரி அடைக்கும். இந்தப் பத்து நிமிடமும் ஆசனத்தில் விறைத்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு ஃபிரீமன் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

போன கிழமை மச்சான் வந்து இரவு தங்கினான். காரைக் கராஜுக்குள் விட்டிருந்தான். காலையில் இடியப்பத்துக்கு முன்னால் இருந்தபடியே ரிமோட்டை அமத்தினான். "ஓடி ஓடிச் சூடாகட்டும்." மாமி அகப்பையோடு எழும்பினார். "எடடா வெளியில! மூக்குக்குத் தெரியாத சாமான் அது!" கராஜ் கதவு முழுதாக மேலே போனது. மச்சான் சாரத்தோடு பனிக்குள் ஓடினான். வீட்டுக்குள் வந்த குளிரைப் பற்றி மாமி ஒரு சொல் சொல்லவில்லை.

பின்னேரம் கருவாடு பொரித்தார். அலாரம் கத்தியது. நான் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"விடுங்கோ தம்பி," என்றார் மாமி, சட்டியைப் பிரட்டிக்கொண்டே. "அது வேலை செய்யுதோ எண்டு பாத்தனான்."