நல்லூர்க் கந்தோர்களில் தேத்தண்ணி வழி அறிவுப் பரம்பல்: ஓர் ஆரம்ப ஆய்வு

1. ஆய்வுப் பிரச்சினை

பழைய நிறுவனம் ஒன்றின் அறிவு எங்கே இருக்கிறது? தலைமைக் காரியாலயத்தைக் கேட்டால் கையேட்டில் என்று சொல்லும். கையேடு அலுமாரிக்குள் இருக்கிறது. அலுமாரித் திறப்பு கணக்குப் பகுதி அக்காவிடம் இருக்கிறது. ஆகவே அக்கா ஆரோடு கதைப்பா, ஆரோடு கதைக்கமாட்டா என்பதே இவ்வாய்வின் பொருள். களம், நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மணி கேட்கும் தூரத்துக் கந்தோர்கள். முறை, கன்ரீன் மூலையில் பிளேன் ரீயோடு இருந்து காது கொடுத்தல்.

2. முன்னைய ஆய்வுகள்

நெருங்கினவர்களைவிட முகப்பழக்கக்காரரிடமிருந்தே வேலை பற்றிய புதுச் செய்தி கூடுதலாக வருகிறது என்று மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதினார். நெருங்கினவருக்குத் தெரிந்தது எங்களுக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்பது காரணம். 1999இல் மோர்ட்டன் ஹான்சன், பெரிய இலத்திரனியல் கம்பனியொன்றின் 41 பிரிவுகளில் 120 திட்டங்களை ஆராய்ந்து மறுபக்கத்தைக் காட்டினார்: விஷயம் எங்கே இருக்கிறது என்று தேடத் தளர்ந்த உறவு போதும், சிக்கலான விஷயம் கைமாற நெருங்கின உறவு வேண்டும். ஜெரொக்ஸ் கம்பனியின் மெஷின் திருத்துநர்களோடு திரிந்த மானிடவியலாளர் ஜூலியன் ஓர், கையேட்டில் இல்லாததை அவர்கள் தங்களுக்குள் கதை சொல்லியே கற்கிறார்கள் என்று 1996இல் நூலாக்கினார். மூவரும் நல்லூருக்கு வந்ததாகச் சான்றில்லை. வந்திருந்தால் செலவு குறைந்திருக்கும்.

3. உறவு வகைப்பாடு

(அ) இரத்த உறவும் கலியாண உறவும். "நீர் ஆற்றை பிள்ளை?" என்பதில் தொடங்கும். பதில் சரியாக அமைந்தால், பிறின்ரர் சிக்கினால் எந்தப் பக்கம் தட்டவேண்டும் என்பது முதல், வருட முடிவுக் கணக்கு ஏன் ஒருநாளும் முதல்தரம் ஒத்துவராது என்பது வரை அன்றைக்கே கைமாறும்.

(ஆ) பள்ளிக்கூட உறவு. இது உறுதியானது, ஆனால் பருவகாலத்துக்குட்பட்டது. சென் ஜோன்ஸ் கல்லூரியும் யாழ். மத்திய கல்லூரியும் 1904 முதல் கிரிக்கெட்டில் மோதிவரும் வடக்கின் பெருஞ்சமர் நாட்களில், இருதரப்புப் பழைய மாணவர்களுக்கிடையே ஸ்கோர் தவிர்ந்த தகவல் எதுவும் பரிமாறப்படுவதில்லை.

(இ) உறவற்றோர். இடமாற்றத்தில் வந்தவர்கள். இவர்கள் கேட்பதெல்லாம் மரியாதையாகக் கொடுக்கப்படும். கேட்கத் தெரியாதது கொடுக்கப்படாது. இங்கே ஒருவரும் எதையும் ஒளிப்பதில்லை. சொல்லத் தோன்றுவதில்லை, அவ்வளவுதான். சுற்றறிக்கைகள் உண்மையில் இவர்களுக்காகவே எழுதப்படுகின்றன. மற்றவர்களுக்கு அது வருமுன்னரே விஷயம் தெரியும்.

4. திருவிழா என்னும் மாறி

நல்லூர் மகோற்சவம் 25 நாள். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டே கோயிலுக்குள் போகலாம். இதன் முகாமைத்துவ விளைவுகளை எந்த நூலும் கவனிக்கவில்லை. சேட்டும் கழுத்துப்பட்டியும் இல்லாத முகாமையாளர் இன்னொரு வேட்டிக்காரர் மட்டுமே. அந்த நிலையில் பயிலுனர் அருகில் போய், "சேர், அந்தக் கடன் கோவை ஏன் திரும்பி வந்தது?" என்று கேட்டால், கந்தோரில் பல மேசை தாண்டவேண்டிய பதில் ஒரே மூச்சில் வருகிறது. வேறு கிளைக்காரரும் அதே வீதியில் நிற்பதால் கிரானோவெட்டரின் தளர்ந்த உறவுகள் கூடவே கிடைக்கின்றன. அடுத்தநாள் கந்தோரில் அதே கேள்விக்கு, "தம்பி, எழுத்திலை தாரும்" என்பதே பதில். சேட் திரும்பிவிட்டது.

பெண் ஊழியர்களுக்கு இம்மாறி பொருந்தாது. அவர்களின் அறிவு ஐஸ்கிரீம் கடை மேசைகளில் பரவுவதாகத் தெரிகிறது. அருகில் ஆய்வாளர் போனதும் கதை மாறிவிட்டதால் மேலதிக தரவு இல்லை.

5. முடிபும் பரிந்துரையும்

பழைய நிறுவனத்தில் அறிவு பதவி வழியாக இறங்குவதில்லை. உறவுமுறை வழியாக இறங்குகிறது. உரிமையோடு கேட்க ஒருவர் இருந்தால்தான் சொல்லவேண்டியது நினைவுக்கு வரும். பாதிக்கப்படுபவர் கெட்டித்தனம் இல்லாதவரல்லர், மாமன் மச்சான் இல்லாதவரே. ஆகவே நியமனக் கடிதத்தில் பதவி, சம்பளம் ஆகியவற்றின் கீழே "உறவுமுறை" என்றொரு வரி சேர்க்கப்படவேண்டும்: இன்ன எழுதுவினைஞர் இவருக்கு மாமா முறை, இன்னார் அக்கா முறை.

இதிலுள்ள ஒரே இடர், முறை வந்தால் கலியாணவீடு, சாமத்தியவீடு, அந்தியேட்டி எல்லாவற்றுக்கும் போகவேண்டிவரும். அச்செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதைக் கணக்குப் பகுதி அக்காவே தீர்மானிக்கவேண்டும். அவவைக் கேட்க, அவவுக்கு ஏதாவது முறையான ஒருவரை முதலில் தேடிக்கொண்டிருக்கிறோம்.