அம்பை நொந்த கதை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, என் பத்திரிகை ஆசிரியருக்கு நான் அனுப்பிய மின்னஞ்சலில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: "மாமனாரை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுகிறேன்."

நான் அடித்தது இரண்டு வரி. "மாமனாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. கட்டுரையை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுகிறேன்." அடித்து முடித்த கையோடு, திரையில் இருந்த அம்பு தானாகப் பின்னால் ஓடி, நடுவில் இருந்த ஐந்து சொற்களின் மேல் நீலத்தைப் பூசியது. அதே நொடியில் என் கட்டைவிரல் ஸ்பேஸ் பாரைத் தட்டியது. பூசியதெல்லாம் போயிற்று. அம்பு அதோடு விட்டதா? நேராக 'அனுப்பு' பொத்தானுக்குப் போய் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் ஓய்ந்தது.

ஆசிரியர் நிதானமானவர். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "கட்டுரை தாமதமானாலும் பரவாயில்லை. அவரை விட்டுவிடுங்கள்."

லேப்டாப்பின் டச்பேடுக்கு வந்திருந்த நோய் இதுதான். ஒரு நேரம் அம்பு குளிர் ஜுரம் கண்டதுபோல் நின்ற இடத்திலேயே நடுங்கும். ஒரு நேரம், நான் கிழக்கே இழுத்தால் மேற்கே போகும். பெரும்பாலும் அதற்குப் பிடித்த இடம் மேல் வலது மூலை. அங்கேதான் மூடுவதற்கான பெருக்கல் குறி இருக்கிறது. நான் ஒரு பத்தியை எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு போய் அதை அமுக்கும். என் எழுத்தைப் பற்றி இவ்வளவு கறாராக இதுவரை யாரும் விமர்சனம் செய்ததில்லை.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மகள் ஒன்பதாம் வகுப்பு. "ரீஸ்டார்ட் பண்ணுப்பா" என்றாள். அவளுடைய மருந்துப் பெட்டியில் இருப்பது அந்த ஒரு மாத்திரைதான். மிக்ஸி நின்றாலும் அதையேதான் சொல்வாள். மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அம்பு தூங்கி எழுந்த தெம்போடு ஓடியது.

மனைவியின் சந்தேகம் என் மேல்தான். "முறுக்கு தின்ன கையோட தொட்டா அது என்னங்க பண்ணும்?" இதில் நியாயம் இருந்தது. டச்பேடின் வழவழப்பான தோலுக்கு அடியில் மெல்லிய மின்கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டிருக்கின்றன. நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. அதனால் விரல் பக்கத்தில் வந்தாலே அந்தக் கட்டத்தில் தேங்கியிருக்கும் மின்னூட்டத்தின் அளவு ஒரு துளி மாறும். எந்தக் கட்டத்தில் மாறியது என்று ஒரு சின்னச் சில்லு நொடிக்குப் பல முறை எண்ணிப் பார்த்து, விரல் இங்கே இருக்கிறது என்று முடிவு கட்டும். அழுத்தத்தைப் பார்க்காது, ஆளையும் பார்க்காது. ஈரக்கை, வியர்வை, சிந்திய ஒரு சொட்டுக் காப்பி எல்லாமே அதற்கு அரைகுறை விரல்தான்.

இந்த விளக்கத்தை மனைவியிடம் சொன்னதுதான் தப்பாயிற்று. "அப்ப அந்தச் சந்தனம்?" என்றாள். ஆயுத பூஜையன்று லேப்டாப்புக்கும் சந்தனம், குங்குமம் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். டச்பேடின் இடது மூலையில் ஒரு பொட்டு இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. சரஸ்வதியே விரலை வைத்துக்கொண்டிருந்தால் அம்பு என் பேச்சை எப்படிக் கேட்கும்? காது குடையும் பஞ்சை நனைத்துப் பிழிந்து, பாத்திரம் தேய்ப்பவர் பார்த்தால் பொறாமைப்படும் அளவுக்குத் துடைத்தேன். சந்தனம் போயிற்று, நடுக்கம் போகவில்லை.

பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் சித்தி மகனைப் போனில் பிடித்தேன். "டிரைவரைத் தூக்கிடுண்ணா" என்றான். தூக்கினேன். ரீஸ்டார்ட் செய்ததும், வேலையை விட்டு நீக்கப்பட்ட டிரைவர் ஒரு வார்த்தைகூடக் கோபித்துக்கொள்ளாமல் தானாகவே திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். "சரி, டச்பேடையே ஆஃப் பண்ணிடு. மேல் வரிசையில ஒரு பட்டன் இருக்கும்" என்றான். மேல் வரிசையில் பன்னிரண்டு பொத்தான்கள். ஒன்றை அமுக்கினால் திரை இருண்டது. இன்னொன்றில் சத்தம் கூடி, பாதியில் நின்றிருந்த பட்டிமன்றம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டது. மூன்றாவதில் லேப்டாப் விமானத்தில் ஏறிவிட்டதாக நினைத்து இணையத்தை அறுத்துக்கொண்டது. நான்காவதில் டச்பேட் அணைந்தது. பரம சந்தோஷம். எனக்கு மவுஸ் கிடையாது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அன்று மாலை முழுவதும் டேப் பொத்தானோடு வாழ்ந்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பொத்தானாக, சர்வர் பந்தியில் இலை இலையாக வருவதுபோல் திரையில் தேர்வுக் கட்டம் நகர்ந்து வரும். நமக்கு வேண்டிய பொத்தான் பதினேழாவது இலையில் இருக்கும். அவசரத்தில் ஒரு தட்டு கூடிவிட்டால் போச்சு, திரும்ப முதல் பந்தி.

கட்டுரை எழுத வேண்டிய நேரத்தில், செல்போனில் டச்பேடின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். எழுத்து வேலையைத் தள்ளிப்போட இதைவிட கௌரவமான வழி கிடையாது. 1971-இல் வந்த இன்டெல் 4004 சில்லை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் ஃபெடரிக்கோ ஃபாகின். அவரும் கார்வர் மீட் என்ற பேராசிரியரும் சேர்ந்து 1986-இல் சினாப்டிக்ஸ் என்று ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். நோக்கம், மூளையின் நரம்பணுக்களைப் போல வேலை செய்யும் சில்லுகள். ஆனால் நிறுவனத்துக்குச் சோறு போட்டது டச்பேட். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையைக் கேட்டிருக்கிறோம். இவர்கள் மூளையைப் பிடிக்கப் போய் விரலைப் பிடித்திருக்கிறார்கள். ஆப்பிளின் பவர்புக் லேப்டாப்புகளில் முதலில் உருட்டும் பந்துதான் இருந்தது. 1994-இல் வந்த பவர்புக் 500 வரிசையில் பந்து போய் டச்பேட் வந்தது. முப்பது வருஷத்துக்கு மேலாக உலகமே அதைத் தடவிக்கொண்டிருக்கிறது. எனக்கு மட்டும் அது அடங்க மறுத்தது.

புதன்கிழமை ரிச்சி தெருவுக்குப் போனேன். சென்னையில் எந்த மின்னணுச் சாமானுக்கு வியாதி வந்தாலும் கடைசிப் புகலிடம் அதுதான். மாடிப்படிக்குக் கீழே இரண்டு பேர் நிற்கும் இடத்தில் நாலு பேர் வேலை பார்க்கும் கடை. அந்தத் தம்பி லேப்டாப்பை மூடி, கண்ணாடி மேஜையில் வைத்து, நான்கு மூலையையும் அமுக்கிப் பார்த்தார். "பேட்டரி உப்பியிருந்தா ஆடும் சார். டச்பேடுக்கு அடியிலதான் பேட்டரி. அது உப்பினா டச்பேடை மேல தூக்கும், கிளிக் ஆகாது. அப்படி இருந்தா உடனே மாத்திடணும், வெச்சுக்கிட்டு விளையாடக்கூடாது." ஆடவில்லை. திறந்து, டச்பேடிலிருந்து வரும் பட்டையான ஒயரைப் பிடுங்கி, துடைத்து, மறுபடி சொருகினார். மூடினார். விரலால் ஒரு வட்டம் போட்டார். அம்பு, பள்ளி ஆய்வாளர் வந்த அன்றைக்கு வகுப்பில் உட்காரும் பையனைப்போல் அவ்வளவு ஒழுங்காக வட்டமிட்டது. "நல்லாத்தானே சார் இருக்கு?" டாக்டரைப் பார்த்ததும் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கிவிடுமே, அந்த அவமானம் எனக்கு. முன்னூறு ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து மேஜையில் வைத்து ஒயரைச் சொருகினேன். அம்பு மேல் வலது மூலைக்குப் போயிற்று.

அன்று இரவுதான் ஓர் அதிசயத்தைக் கண்டுபிடித்தேன். அலுத்துப்போய் இடது கையை லேப்டாப்பின் உலோக உடம்பின் மேல் போட்டுவிட்டு, வலது கையால் டச்பேடைத் தொட்டேன். நடுக்கம் நின்றது. கையை எடுத்தேன், நடுங்கியது. வைத்தேன், அடங்கியது. மேலே கை போட்டிருந்தால்தான் தூங்கும் கைக்குழந்தை மாதிரி. அப்படியே வலது கை ஒற்றை விரலால் இரண்டு பத்தி அடித்தேன். தண்ணீர் குடிக்க வந்த மகள் நின்று பார்த்தாள். "லேப்டாப்புக்கு ஜுரமாப்பா?"

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு மாதமாகவே, அந்த மேஜையில் உட்கார்ந்து எழுதும்போது மணிக்கட்டில் எறும்பு ஊர்வதுபோல் சுருசுருவென்று இருக்கும். வெறுங்காலைத் தரையில் வைத்திருந்தால் கூடும். காலை மடக்கி நாற்காலியில் வைத்தால் குறையும். மனைவி "வயசாச்சில்ல, சுகரா இருக்கும்" என்று சொல்லி, வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பிட்டு ஒரு முறை ரத்தம் எடுக்க வைத்தாள். சுகர் இல்லை. அந்த வருத்தம் அவளுக்கு இன்னும் இருக்கிறது.

வியாழக்கிழமை காலை, வெள்ளிக்கிழமைக்குள் நான் முடித்துவிடுவதாக வாக்களித்திருந்த மாமனார் வாயைத் திறந்தார்.

அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி மூன்று நாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குனியக்கூடாது, டிவி கூடாது, பேப்பர் கூடாது என்று என் மனைவியின் சட்டம். பார்க்க எதுவும் இல்லாததால் மனிதர் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

"மாப்ளே, காலையில மொட்டை மாடியில உக்காந்து எழுதினீங்கள்ல?"

"ஆமா மாமா."

"அங்க நீங்க திட்டவே இல்லையே. கீழ வந்து ஒயரைச் சொருகினதும்தான் ஆரம்பிக்கிறீங்க. நேத்தும் அப்படித்தான், முந்தாநாளும் அப்படித்தான்."

மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அவருடைய சட்டைப் பையில் கண்ணாடி இருக்கிறதோ இல்லையோ, டெஸ்டர் இருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு மேஜைக்கு வந்து, தடவிப் பார்த்து, லேப்டாப்பின் ஓரத்தில் இருந்த ஒரு திருகாணியில் டெஸ்டரின் முனையை வைத்தார். "எரியுதா பாருங்க."

உள்ளே இருந்த குட்டி விளக்கு மங்கலாகச் சிவந்தது. "எரியுது மாமா."

"ஒயரை உருவுங்க. இப்ப?"

"இல்லை."

"அவ்வளவுதான்" என்றார். பிறகு சுவரைத் தடவிக்கொண்டே போய், பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பார்த்தார். சார்ஜரின் பிளக்கில் மூன்று கால். எங்கள் பழைய வாடகை வீட்டில், மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் இருப்பதோ இரண்டு ஓட்டை. இரண்டு மாதத்துக்கு முன், மூன்று காலை இரண்டாக மாற்றும் ஒரு பிளாஸ்டிக் கட்டையைத் தெருமுனைக் கடையில் இருபது ரூபாய்க்கு வாங்கி மாட்டியவன் நானே.

மேலே இருக்கும் அந்தப் பருத்த கால்தான் எர்த்து. மற்ற இரண்டையும்விட நீளமாக அதைச் செய்திருப்பதற்குக் காரணம், சொருகும்போது அது முதலில் உள்ளே போக வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக வெளியே வர வேண்டும். நான் மாட்டிய கட்டையைப்போல் அதன் தொடர்பை வெட்டிவிட்டால், சுவரில் ஓடும் 230 வோல்ட்டின் நிழல் சார்ஜர் வழியாகக் கசிந்து, நொடிக்கு ஐம்பது முறை லேப்டாப்பின் உடம்பையே ஊஞ்சலாட்டிக்கொண்டிருக்கும். ஊஞ்சலில் இருப்பவனுக்குத் தரையில் நிற்பவன் ஆடுவதாகத் தெரிவதுபோல், டச்பேடுக்கு என் விரல் ஆடுவதாகத் தெரிந்திருக்கிறது. இடது கையை வைத்ததும் நானும் அதே ஊஞ்சலில் ஏறிக்கொண்டேன், ஆட்டம் தெரியவில்லை. மணிக்கட்டில் ஊர்ந்த எறும்பும் அதுதான். இரண்டு மாதமாக அந்த லேப்டாப்புக்கு எர்த்து கம்பியாக இருந்தது நான். அதற்காகச் சுகர் டெஸ்ட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

"இப்ப கசியறது கொஞ்சம்தான், சுருசுருங்கும்" என்றார் மாமா. "நாளைக்கு உள்ள ஏதாவது நிஜமாவே பழுதாச்சுன்னா, காப்பாத்த அந்த ஒரு கால்தான் இருக்கு மாப்ளே."

ஆளாளுக்கு ஒரு முயலைப் பிடித்து மூன்றே கால் என்று சாதித்துக்கொண்டிருந்த வீட்டில், நிஜமாகவே மூன்று கால் உள்ளதைக் கண் தெரியாமல் பிடித்தவர் அவர்தான்.

வீட்டில் உருப்படியான எர்த்து இருந்தது பிரிட்ஜுக்குப் பக்கத்துப் பிளக்கில் மட்டும். எலக்ட்ரீஷியன் வந்து மேஜைக்கு ஒயர் இழுக்கும்வரை என் ஆபீஸ் சமையலறைக்கு மாறியது. அம்பு சொன்ன இடத்தில் நின்றது. "சும்மாதானே உக்காந்திருக்கீங்க" என்று ஒரு கிண்ணம் சின்ன வெங்காயம் பக்கத்தில் வந்து சேர்ந்தது. "உரிச்ச கையோட டச்பேடைத் தொடாதீங்க" என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை கட்டுரை முடிந்தது. மின்னஞ்சலில் இரண்டே வரி: "கட்டுரையை இணைத்திருக்கிறேன். மாமனார் நலமாக இருக்கிறார்." மூன்று முறை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தேன். அனுப்பு பொத்தானை அமுக்கும்போதுதான் கவனித்தேன், இடது கை தானாகவே போய் லேப்டாப்பின் மேல் உட்கார்ந்திருந்தது.

கூடத்திலிருந்து குரல் வந்தது. "என்ன மாப்ளே, இன்னிக்குத் திட்டுச் சத்தமே காணோம்?"