நடந்தது என்ன?

கேள்வி: கல்லூரி மாணவர்களுக்கு டிஜிட்டல் ஊடகத்துக்கு எழுதக் கற்றுத்தருகிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?
– ஒரு பேராசிரியை, திருச்சி

பதில்: தலைப்பிலிருந்து. ‘அதிர்ச்சி! நடந்தது என்ன?’ என்று எழுதுகிறவரிடம், “உனக்காவது தெரியுமாப்பா?” என்று கேளுங்கள். பாதி வகுப்பு அங்கேயே அடங்கிவிடும்.

அடுத்தது, செய்தியின் சாரத்தை முதல் இரண்டு வரியில் சொல்வது. அச்சு நிருபர்களின் பழைய வித்தைதான். செல்போனில் விரல் தள்ளிவிடுவதற்குள் சொல்லியாக வேண்டும் என்பதால் இன்னும் அவசரம். இதற்கு ஒரு பயிற்சி: ட்விட்டர் 2017-இல் ஒரு பதிவின் வரம்பை 140 எழுத்திலிருந்து 280 ஆக்கியது. அந்த 280-க்குள் ஒரு செய்தியை எழுதச் சொல்லுங்கள். ‘இன்றைய நவீன உலகில்...’ என்று ஆரம்பிக்கிறவருக்கு உலகத்தோடு இடம் தீர்ந்துவிடும். (அவர்களைத் திட்டாதீர்கள். பன்னிரண்டாம் வகுப்புவரை பக்கத்தை எண்ணி மார்க் போட்டது நாம்தானே? சுருக்கமாக எழுதினால் ‘அடிஷனல் ஷீட்’ எப்படி வாங்குவது என்று பதறத்தான் செய்வார்கள்.)