படங்கு அங்கிள்

கொட்டாஞ்சேனையிலோ மட்டக்குளியிலோ வத்தளையிலோ அவருக்கு ஒரு வீடு இருக்கும். தரைக்கு மாபிள், தலைக்கு மேலே விசிறி, திருகினால் தண்ணீர். வருடத்தில் பதினொன்றரை மாதம் அந்த வீட்டில் அவர் பேச்சு எடுபடாது. என்ன சமைப்பது என்று மனைவி முடிவெடுப்பார், எந்த சேனல் பார்ப்பது என்று பேரப்பிள்ளைகள் முடிவெடுப்பார்கள், எத்தனை மணிக்குக் குளிப்பது என்பதைத் தண்ணீர் மோட்டார் முடிவெடுக்கும். ஜூலை பிறந்ததும் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். கட்டிலுக்கு அடியில் மடித்துக் கிடந்த நீலப் படங்கை இழுத்தெடுத்து, மொட்டை மாடியில் விரித்து, வெயிலில் குனிந்து ஓட்டை தேடுவார். அக்கம்பக்கத்துக்கு அதோடு விளங்கிவிடும். தலவிலத் திருவிழா வருகிறது. இனி இந்த ஆளைப் பிடிக்க முடியாது.

சொந்தப் பெயர் ஆளுக்கு ஆள் வேறுபடும். கோயில் வளவில் எல்லாரும் கூப்பிடுவது படங்கு அங்கிள் என்றுதான்.

தலவில தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொழும்பிலிருந்து புத்தளம் வீதியில் வந்து, நகரத்துக்குச் சற்று முன்னே பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் கற்பிட்டிக் குடாநாடு. ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், நடுவே மணலும் தென்னையும் வெங்காயத் தோட்டங்களும். அந்தக் கடலோரத்தில், மரங்கள் அடர்ந்த ஒரு பெரிய வளவுக்குள் புனித அன்னம்மாள் கோயில். அன்னம்மாள் மாதாவின் தாய். ஆகவே யேசுவுக்கு அம்மம்மா. அம்மம்மா வீட்டுக்குப் போகிறவன் அறை புக் பண்ணிக்கொண்டா போவான் என்பது அங்கிளின் வாதம். இதற்குப் பதில் சொல்லக்கூடிய சுவாமியார் இதுவரை பிறக்கவில்லை.

யாத்திரிகர் தங்க அறைகளும் மண்டபங்களும் அங்கே இல்லாமல் இல்லை. "ரூம்ல படுக்கிறதுன்னா கொழும்புலயே படுக்கலாமே" என்று சொல்லி அவற்றைக் கடந்து போய்விடுவார். திருவிழாவும் வருடத்துக்கு இரண்டு. மார்ச்சில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று. மார்ச்சுக்கு அங்கிள் வரமாட்டார். மார்ச்சில் காற்று இல்லை, கூட்டம் குறைவு, யார் வேண்டுமானாலும் படங்கு கட்டலாம். அதில் என்ன கெட்டித்தனம்?

ஆக முதல் வேலை மரம் பிடிப்பது. கொடியேறுவதற்கு முன்பே ஒரு மருமகன் பஸ்ஸில் அனுப்பப்படுவான். கையில் ஒரு கயிறு, இரண்டு பாய், ஒரு பாண், கண்டிப்பான கட்டளைகள். "அப்பா அடிச்ச ஆணி இருக்கிற மரம். வேற மரத்தப் பிடிச்சிட்டு எனக்கு முன்னால வராத." மருமகன் போய்ப் பார்த்தால் அந்த மரத்தடியில் நீர்கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கும். அவர்களுடைய அப்பாவும் அதே மரத்தில் ஆணி அடித்திருப்பார். அங்கிள் வந்து இறங்கியதும் பேச்சுவார்த்தை தொடங்கும். நீர்கொழும்புக்காரர் சிங்களத்தில் உறுமுவார், இவர் தமிழில் உறுமுவார். ஒருவர் மொழி மற்றவருக்கு நன்றாகத் தெரியும் என்பதால் இருவரும் தத்தம் மொழியிலேயே நிற்பார்கள். கடைசியில் மரம் இரண்டாகும். மேற்குப் பக்கம் நீர்கொழும்புக்கு, கிழக்குப் பக்கம் கொழும்புக்கு. கடற்காற்று முதலில் தங்களுக்கே என்று நீர்கொழும்பு மகிழும். பின்னேர வெயிலில் மரத்தின் நிழல் எந்தப் பக்கம் விழும் என்பதை அங்கிள் எப்போதோ கணக்குப் பார்த்து வைத்திருக்கிறார். வாயைத் திறக்கமாட்டார்.

வேன் வந்து நின்றதும் பார்க்க வேண்டும். மூங்கில், சவுக்குக் கம்பு, தகரம் இரண்டு, கேஸ் சிலிண்டர், அது தீர்ந்தால் விறகு, விறகு நனைந்தால் மண்ணெண்ணெய், திருவலை, அம்மி, தண்ணீர்க் கேன், பிளாஸ்டிக் கதிரை, அவருக்கென்று ஒரு சாய்மனைக் கதிரை, பேரனுக்கு மூன்று சில்லுச் சைக்கிள், மூன்று செங்கல். கற்பிட்டி மணலில் அடுப்புக்குக் கல் தேடி அலைய முடியாது என்று செங்கல்லைக் கொழும்பிலிருந்து கொண்டுவருகிறவர் அவர் ஒருவர்தான். இவற்றுக்கு இடையில் கிடைத்த இடுக்குகளில் மனிதர்களும் வந்திருப்பார்கள். போர்க் காலத்தில் புத்தளம் வீதிச் சோதனைச்சாவடிகளில் இதையெல்லாம் இறக்கி ஏற்றியவர் அவர்; அம்மிக் குழவியைச் சிப்பாய் ஒருவன் காதோடு வைத்துக் கேட்டுப் பார்த்த கதையை இன்றைக்கும் சொல்லுவார். குடும்பத்தில் ஒரு சைவ மருமகனும் உண்டு. அவருக்காகச் சிலாபத்தில் வேனைத் திருப்பி முன்னேஸ்வரத்தில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். படங்கு நிற்க வேண்டுமானால் எல்லாத் தெய்வத்தின் தயவும் வேண்டும்.

ஏனென்றால் ஆகஸ்ட் என்றால் சோளகம். தென்மேற்கிலிருந்து கடலைத் தாண்டி வந்து கற்பிட்டியில் மோதும் அந்தக் காற்றுக்காகவே ஐரோப்பாவிலிருந்து வெள்ளைக்காரர்கள் விமானம் ஏறி வருகிறார்கள். பெரிய பட்டத்தை இடுப்பில் பிணைத்துக்கொண்டு களப்பின் மேல் பலகையில் வழுக்கிப் பறக்கிறார்கள். பறப்பதற்கு அவர்கள் காசு கட்டுகிறார்கள். அதே காற்றில், அதே அளவு துணியோடு, பறக்காமல் இருப்பதற்கு அங்கிள் பாடுபடுகிறார்.

இந்த ஒரு விஷயத்தில் அவரைக் கேலி செய்ய முடியாது. புதிதாக வந்த இளைஞர் கூட்டம் ஒன்று கடையில் வாங்கிய டென்டைப் பிரித்து, கூடவே வந்த மெல்லிய கம்பி முளைகளை மணலில் குத்திவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருக்கும். மணல் முளையைப் பிடிக்காது. பின்னேரம் அந்த டென்ட் பாத்திரக் கடை வாசலில் கிடக்கும். அங்கிள் முளையே அடிப்பதில்லை. பழைய யூரியாப் பைகளில் மணலை நிரப்பி, கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட்டு, முழங்காலளவு குழி தோண்டி, பையைக் கிடையாகப் புதைத்து, மேலே மணலைத் தள்ளிக் காலால் மிதித்து இறுக்குவார். காற்று இழுக்க இழுக்கப் பை மணலுக்குள் இன்னும் இறுகும். காற்று வரும் பக்கம் படங்கைத் தாழ்த்தி, மறுபக்கம் உயர்த்திக் கட்டுவார். நடுவே மடிப்புச் சேருமிடத்தில் ஒரு கூழாங்கல்லைத் துணிக்கு அடியில் வைத்துச் சுற்றிக் கயிறு கட்டுவார். கண்ணி கிழிந்த இடத்துக்கு அதுதான் வைத்தியம். இந்தக் கூழாங்கற்களும் கொழும்பிலிருந்து வந்தவையே. கட்டி முடித்ததும் ஒரு விரலால் கயிற்றைச் சுண்டிப் பார்ப்பார். சுருதி சரியாக இருந்தால்தான் தேத்தண்ணி.

அந்தத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் எங்கிருந்து என்பது தனிக் கதை. கற்பிட்டிக் கிணறுகளை அவர் நம்புவதில்லை. மணல் பூமி, தண்ணீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கிறது, தோட்டத்துக்குப் போடும் உரம் அப்படியே கீழே இறங்கி நைத்திரேற்றாகக் கிணற்றில் கலக்கிறது என்று பேப்பரில் படித்திருக்கிறார். விஷயம் உண்மைதான், ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லிவருவது. ஆகவே கொழும்புத் தண்ணீரைக் கேனில் கொண்டுவந்து பூட்டி வைப்பார். பிறகு பக்கத்துப் படங்குகளில் விசாரிக்கப் போய், கிணற்றுத் தண்ணீரில் போட்ட தேத்தண்ணியை அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று குடித்துவிட்டு, "என்னா ருசி" என்பார்.

வரும் வழியில் நுரைச்சோலையைத் தாண்டித்தான் வருகிறார். இலங்கையின் ஆகப் பெரிய அனல்மின் நிலையம், 900 மெகாவாட். கொழும்பில் அவர் வீட்டு விசிறியைச் சுற்றும் மின்சாரத்திலும் அதற்குப் பங்கு உண்டு. அதைக் கடந்து சில மைல் வந்து, போன் சார்ஜ் பண்ண ஒரு பிளக் இல்லாமல் கச்சான் கடைக்காரரிடம் போய் நிற்பார். "நானா, ஒரு அரை மணித்தியாலம்." கடைக்காரர் புத்தளத்து முஸ்லிம், வருடா வருடம் கடை போடுகிறவர். "வையுங்க அங்கிள், போன வருஷத்துச் சார்ஜரும் இங்கதான் கெடக்கு" என்று எடுத்து நீட்டுவார். இதில் ரோசப்பட்டு ஒருமுறை ஜெனரேட்டர் கொண்டுவந்தார். நவநாள் செபம் முடியும் முன்னே ஒலிபெருக்கியில், இன்ன மரத்தடியில் ஓடும் இயந்திரத்தை அன்னம்மாளின் பெயரால் நிறுத்துமாறு கேட்டுக்கொள்ளப்பட்டது. அதற்குப் பிறகு அது வரவில்லை.

பூசைக்குக்கூட அவர் படங்கை விட்டுப் போகமாட்டார். ஒலிபெருக்கியில் கேட்டபடி அங்கேயே முழந்தாளிடுவார், ஒரு கை செபமாலையில், ஒரு கை கயிற்றில். சொரூபம் பவனி வரும் நாளில் மட்டும் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவார். அந்த நேரம் பார்த்துக் கழுதை வரும். புத்தளம், கற்பிட்டிப் பக்கத்துக் கழுதைகள் யாருக்கும் சொந்தமில்லாமல், யாருக்கும் பயப்படாமல் திரிபவை. திரும்பி வந்தால் பாண் இல்லை, கோவா இல்லை, தாளில் சுற்றிய பாற்சோறும் இல்லை. கழுதை சாய்மனைக் கதிரை பக்கத்தில் நின்று மென்றுகொண்டிருக்கும். "அடிக்காதீங்க" என்பார் மனைவி. "யாத்திரிகர்கிட்டயிருந்துதான் அதுவும் சாப்பிடணும்."

ராத்திரியில் அவரைச் சுற்றிக் கூட்டம் சேரும். கதை தலத்தின் வரலாற்றுக்குத் திரும்பும். செவிவழியாக இரண்டு கதைகள் உண்டு. ஒன்றில், மன்னாரிலிருந்து கொழும்புக்கு வேலை தேடி நடந்துபோன ஒரு ஏழைப் போர்த்துக்கேயர் களைத்துப்போய் இங்கே ஓர் ஆலமரத்தடியில் தூங்க, அன்னம்மாளின் காட்சி கிடைக்கிறது. மற்றதில், கப்பல் உடைந்து கரை சேர்ந்த ஒரு வியாபாரி தம்மிடமிருந்த சொரூபத்தை ஆலமரத்தடியில் வைத்து, தொழில் செழித்தால் கோயில் கட்டுவதாக நேர்ந்துகொள்கிறார். எது சரி என்று பிள்ளைகள் கேட்பார்கள். "எதா இருந்தா என்ன மகன், ரெண்டு பேரும் மரத்தடியிலதான் தங்கினாங்க. ரூம் எடுக்கல்ல."

இப்போது ஆலங்குடா, கண்டக்குளிப் பக்கத்துக் கடற்கரைகளில் உல்லாசப் பயணிகளுக்கென்று கூடாரங்கள் வந்துவிட்டன. உள்ளே கட்டில், விரிப்பு, மடித்து வைத்த துவாய். அங்கிள் ஒன்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "கட்டில் போட்டா அது டென்ட் இல்ல, ஆஸ்பத்திரி வார்ட்டு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அவர் தோற்ற இடம் வில்பத்து. காட்டில் முகாம் போட ஆசைப்படுகிற மனிதர்தானே என்று மருமகன்மார் சேர்ந்து, வனஜீவராசிகள் திணைக்களத்தில் முகாமிடம் பதிவு செய்து, எழுவன்குளம் வாசலால் அவரைக் கூட்டிப்போனார்கள். 1938இல் தேசியப் பூங்காவான காடு. நாட்டிலேயே பெரியது, 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேல். இயற்கையாக நீர் தேங்கும் வில்லுகள், அவற்றின் கரையில் மான், மானுக்குப் பின்னால் சிறுத்தை, மரத்தில் தேனுக்கு ஏறும் கரடி. மருமகன்மாருக்குப் பேச்சு வரவில்லை. அங்கிள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கூட வந்த வழிகாட்டியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, பக்கத்து டென்ட் எங்க?"

"பக்கத்துல யாரும் இல்ல ஐயா. சத்தம் போடவும் ஏலாது. இருட்டினா நடமாடவும் ஏலாது."

அவ்வளவு பெரிய காட்டில் சுத்தியல் இரவல் கேட்க ஒரு மனிதன் இல்லை. கயிறு சரியில்லை என்று சொல்ல இன்னொருவன் கட்டிய படங்கு இல்லை. சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டால் வரக்கூடியது கரடி மட்டும்தான். விடியும்வரை சிறைக் கைதிபோலக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிறுத்தையைப் பார்த்தாரா என்று கேட்டவர்களுக்கு, "பார்த்தன், அதுவும் தனியாத்தான் இருந்திச்சு, பாவம்" என்றார்.

காடும் கடலும் அங்கிளுக்குக் கயிறு கட்டத்தான். அவருக்கு வேண்டியது ஆறடிக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். அவர்களுடைய குழம்பு மணக்க வேண்டும், அவர்களுடைய பிள்ளை அழ வேண்டும், அவர்களிடம் இல்லாத ஒரு சாமான் தம்மிடம் இருக்க வேண்டும். கொழும்பில் மதிலுக்கு மதில் ஒட்டியிருந்தும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் காலம் ஓடுகிறது. இங்கே மூன்றாம் நாளில் நீர்கொழும்புக்காரரின் மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பார். மேற்குப் பக்கத்துக் காற்றில் அவர்களுடைய ஓலைத் தட்டி பறந்த இரவில், உரப்பையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு முதலில் ஓடியதும் இவர்தான். திட்டிக்கொண்டேதான் ஓடினார்.

திருவிழா முடிந்தாலும் அவருக்கு ஓய்வு இல்லை. ஆகஸ்ட் 15 மடுத் திருவிழா. படங்கில் ஒட்டிய கடல் மணலைத் தட்டக்கூட நேரமில்லாமல் மன்னார்ப் பக்கத்துக் காட்டுக்குப் புறப்பட வேண்டும். அங்கேயும் ஒரு மரம் இருக்கிறது, அதிலும் ஒரு ஆணி இருக்கிறது.

ஆகவே வரும் ஆகஸ்டில் தலவிலவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் வாங்கிய கம்பி முளைகளை வீட்டிலேயே வைத்துவிட்டு, நாலு காலி உரப்பை கொண்டுபோங்கள். மறந்துவிட்டால் நீலப் படங்கைத் தேடிப்போய்க் கேளுங்கள். உரப்பை தருவார், மண்வெட்டி தருவார், சுத்தியல் தருவார், கேட்காமலே ஆலோசனையும் தருவார். ஆனால் புறப்படுமுன் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சாய்மனைக் கதிரைக்கு அடியில் ஒரு கொப்பி இருக்கிறது. 'திருவலை, சிலாபம் அன்ரி, வரவில்லை' என்று போன வருடக் கணக்கே அதில் இன்னும் வெட்டப்படாமல் கிடக்கிறது.