கண்டுபிடித்த பீட்சா

2000 மே 3 அன்று அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைத்துவிட்டு, அந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்களை இணையத்தில் போட்டார். ஒருவர் ஒளித்துவைத்ததை மற்றவர்கள் ஜிபிஎஸ் பார்த்துத் தேடிப் பிடிக்கும் ஜியோகேச்சிங் விளையாட்டுக்குப் பிள்ளையார் சுழி அதுதான். முள் கிழிக்க, பாறை இடுக்கில் கைவிட்டு, ஃபிலிம் டப்பாவுக்குள் ஈரமாய்ச் சுருண்டிருக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் கண்டுபிடிப்புக் கணக்கில் ஒன்று ஏறும்.

அதே ஒன்று, அன்பர்கள் கூடிப் பீட்சா தின்னும் சந்திப்புக்குப் போனாலும் ஏறுகிறது! ‘வந்தேன்’ என்று பதிந்தால் போதும், கண்டுபிடிப்பு. கல்யாணத்தில் மொய் எழுதிவிட்டு, எனக்கே கல்யாணம் ஆயிற்று என்பது மாதிரி.

ஐயாயிரம் பேருக்கு மேல் கூடினால் அது ‘கிகா’ நிகழ்வு. முதலாவது 2014-இல் மியூனிக்கில் நடந்தது. ஐயாயிரம் பேர் நிற்கும் இடத்தைக் காட்டச் செயற்கைக்கோள் எதற்கு? அங்கே வண்டி நிறுத்த இடம் பிடித்தவருக்கு வேண்டுமானால் ஒன்று கொடுக்கலாம்.

“பழகத்தானே வருகிறோம், எண்ணுக்காகவா?” என்பார்கள். வாஸ்தவம். அப்படியானால் அந்த எண்ணை மட்டும் எடுத்துவிடலாமே என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள். பழக வந்தவர்களின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்.