பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு பாராட்டு விண்ணப்பம்

அனுப்புநர்: ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை.

பெறுநர்: பள்ளிக் கல்வித் துறை, பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம், சென்னை. (2022-ல் பெயர் மாற்றிவிட்டீர்கள், ஆட்டோக்காரருக்கு இன்னும் பழைய பெயரான டிபிஐதான்.)

பொருள்: ஆசிரியர் பற்றாக்குறையைச் சிக்கனமாகச் சமாளித்தமைக்குப் பாராட்டு – தொடர்பாக.

ஐயா,

2022-ல் 13,331 ஆசிரியர் இடங்கள் காலி என்று நீங்களே சொன்னீர்கள். விவரம் தெரியாதவர்கள் உடனே தேர்வு வைத்து ஆள் எடுத்திருப்பார்கள். நீங்கள் தற்காலிக ஆசிரியர்களை எடுக்கும் பொறுப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலையில் கட்டினீர்கள். சத்துணவில் முட்டை வந்ததா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த பெற்றோர் திடீரென்று ஆசிரியர் தேர்வு வாரியம் ஆனார்கள்.

சம்பளம் அதைவிட அருமை. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500. முப்பதால் வகுத்தால் நாளுக்கு 250 ரூபாய். அந்த ஆண்டு நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலியே 281. (ஞாயிறையும் சேர்த்து வகுத்துவிட்டேன். கணக்கு வாத்தியார் நிலைக்காத பள்ளியில் பிள்ளையைப் படிக்க வைப்பவன், பொறுத்தருள்க.) பிறகு 12,000 ஆக்கினீர்கள். ஆனாலும் வேலை ஏப்ரலோடு சரி. ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டின் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். அதை வைத்துக் கிடைக்கிற வேலை பத்து மாதம் செல்லும்.

உங்களுக்கு இது புதிதும் அல்ல. 2012-ல் ஓவியம், தையல், கணினி, உடற்கல்விக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய்க்கு எடுத்தீர்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து அது 12,500-ஐத் தொட்டது. அதுவரை மே மாதத்துக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. வெயில் காலத்தில் வாத்தியார்களுக்குப் பசி எடுக்காது போலிருக்கிறது.

என் மகளின் வகுப்புக்கு ஆகஸ்டில் தற்காலிகமாக ஒரு கணக்கு டீச்சர் வந்தார். முக்கோணவியல் பாதி நடந்துகொண்டிருந்தபோது கலந்தாய்வில் நிரந்தர ஆசிரியர் ஒருவர் வந்து சேர்ந்தார். அன்று மதியமே டீச்சர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "எதுவரைக்கும் நடத்தியிருக்காங்க?" என்று புதியவர் கேட்டதற்கு வகுப்பு மூன்று விதமாகப் பதில் சொன்னதாம். கேள்வி கேட்டவரும் மறுவாரம் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டார். அதை விடுங்கள்.

ஒரே ஒரு சந்தேகம். ஒவ்வோர் ஆசிரியரின் பிறந்த தேதியும் பணிப்பதிவேட்டில் இருக்கிறது. ஓய்வு பெறும் அறுபது வயது என்றைக்கு முடியும் என்று கணக்குப் போட முக்கோணவியல் வேண்டாம். கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெறுகிறவருக்கும் ஆண்டு முடியும்வரை மறுநியமனம் தருகிறீர்கள். ஆக, ஜூனில் எந்தப் பள்ளியில் எந்த நாற்காலி காலியாக இருக்கும் என்பது முந்தைய ஜூனிலேயே தெரியும். பிறகு ஏன் ஒவ்வோர் ஆண்டும் திடுக்கிடுகிறீர்கள்?

அடுத்த ஆண்டு காலியாகப் போகும் இடங்களுக்கு இந்த ஆண்டே தேர்வு வையுங்கள். அதுவரை வந்து பாடம் நடத்துகிறவர்களுக்குச் சம்பளத்தை அந்தந்த மாதமே கொடுங்கள், மே உட்பட.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்